கேமில் வரும் கடிதம், துண்டுச்சீட்டு எல்லாம் நிஜக் காகிதம் போல இருக்க என்ன செய்யலாம்?

நீங்கள் ஒரு ரோல்பிளே சர்வர், அதாவது ஆளுக்கொரு வேடம் போட்டுச் சேர்ந்து ஆடும் கேம் தளம், நடத்துகிறீர்கள். பழுப்பேறிய தாள் மாதிரி ஒரு பின்னணிப் படம், கையெழுத்து மாதிரி ஒரு ஃபாண்ட், இரண்டையும் போட்டுப் பார்த்தும் ஒட்டவில்லை. சரிதானே? நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

படத்தை விடுங்கள். அந்தத் தாளுக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று பாருங்கள். ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 பார்க்க அப்படியொன்றும் லட்சணமான கேம் இல்லை. ஆனால் அதில் தாளில் எழுதலாம், முத்திரை குத்தலாம், நகலெடுக்கலாம், கொளுத்தவும் செய்யலாம். அதனாலேயே அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. மைன்கிராஃப்ட் கேமில் கையெழுத்திட்ட புத்தகத்தை யாரும் திருத்த முடியாது. அதை நகலெடுக்கலாம், அந்த நகலையும் ஒருமுறை நகலெடுக்கலாம், அதோடு சரி. நல்ல யோசனை. ஆனால் கையெழுத்திட்டதும் எழுதியவர் பெயர் தானாக ஏறிவிடும். திருத்த முடியாத மொட்டைக் கடிதம் போட வழியே இல்லை!

என் கதைக்கு வருகிறேன். பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன கேம், முழுக்க எழுத்துதான், தமிழிலேயே ஆடுவோம். எனக்குத் தூதன் வேடம். ஒரு கோட்டைத் தலைவர் தன் கூட்டாளிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். கடைசி வரி, "படை வேண்டும்". வழியில் திறந்து பார்த்தால் 'திருத்து' பட்டன் எனக்கும் தெரிந்தது. 'டு'வை 'டா' ஆக்கினேன். ஒரே எழுத்து. படை வரவில்லை, கோட்டை போயிற்று.

இரண்டு வாரம் என்னை வெளியே வைத்தார்கள். "அது பக், நிரலில் உள்ள கோளாறு, அதைப் பயன்படுத்தியது தப்பு" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். நான் எதையும் உடைக்கவில்லை, பட்டன் இருந்தது, அழுத்தினேன். எதிரிக்கு விலைபோகும் தூதன் உலகத்தில் இல்லாத ஆளா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நிஜத் தாளாக இருந்தால் சுரண்டிய தடம் தெரிந்திருக்கும். வாங்கியவருக்குச் சந்தேகப்பட ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

திரும்பி வந்ததும் நிரல் எழுத நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் கேமில் மையில் எழுதியதை அழிக்க முடியாது, அடிக்கத்தான் முடியும். பென்சில் என்றால் அழிக்கலாம், ஆனால் அழுத்திய பள்ளம் அடித்தாளில் இருக்கும், அதன்மேல் பென்சிலைத் தேய்த்தால் படிக்கலாம். அரக்கு முத்திரையை உடைக்காமல் உள்ளே பார்க்க முடியாது. இது ஒன்றை மட்டும் செய்தாலே உங்கள் சர்வரில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழையில் நனைந்தால் மை கரைவதுதான் என்னைப் படுத்தியது. எழுத்துகளைக் கண்டபடி அழிக்கச் சொன்னேன். மெய் போய்க் கொம்பு தனியாக நின்றது, பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். 'வேண்டும்' நமக்கு நான்கு எழுத்து, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு எட்டு. சொல்ல வந்ததே வேறு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: பல தளங்களில் எழுத்து வரம்பு வைத்தால் நம் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு நம் தலையில்தான் கட்டுகிறார்கள். கேட்டால் "யாருமே புகார் சொல்லவில்லையே" என்கிறார்கள். நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இருக்கும் இன்ட்ல்.செக்மென்டர் என்ற கருவியை வைத்து முழு எழுத்தாகப் பிரித்த பிறகுதான் மழை ஒழுங்காகப் பெய்தது.

அந்தக் கோட்டைத் தலைவர் இன்னும் ஆடுகிறார். முத்திரை, பள்ளம் எல்லாம் வந்த பிறகும் அவர் 'வேண்டும்' என்று எழுதுவதில்லையாம். 'அனுப்பு' என்றுதான் எழுதுகிறாராம்.