பேஸ் ஸ்டேஷனில் ரூல் எழுதியும் ஐபி போனில் பேச்சு விட்டு விட்டு வருவது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். கம்பத்தில் சின்ன அளவில் வயர்லெஸ் பிராட்பேண்ட் நடத்துகிறேன். கம்பம்மெட்டில் பழைய வைமாக்ஸ் (தூரத்துக்கு வயர்லெஸ் இன்டர்நெட் தரும் தொழில்நுட்பம்) பேஸ் ஸ்டேஷன் ஒன்று வைத்து, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட ஆபீஸ்களுக்கும் ஸ்டோர்களுக்கும் லைன் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டு இணைக்கும் முறை) யூசர்நேம் போட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். ஐபி போனுக்காக யுடிபி 5060, 10000 முதல் 20000 வரையுள்ள போர்ட்கள் என்று கிளாசிஃபையர் (பாக்கெட்களை வகை பிரிக்கும்) ரூல் எழுதி, யூஜிஎஸ் ஃப்ளோவில் (நிலையான வேகம் ஒதுக்கிவைக்கும் தனிப் பாதை) நொடிக்கு 64 கிலோபிட் ஒதுக்கினேன். ஆனாலும் சாயந்திரம் நாலு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்தால் போனில் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. எங்கே தப்பு?

பதில்: ரூலை நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அநேகமாக அதில் இதுவரை ஒரு பாக்கெட்கூடச் சிக்கியிருக்காது. காரணம் பிபிபிஓஇ.

சாதாரண ஐபி பாக்கெட்டின் ஈதர்நெட் தலைப்பில் வகை எண் 0800 என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் கிளாசிஃபையர் உள்ளே போய் முகவரி, போர்ட் எல்லாம் படிக்கும். பிபிபிஓஇ வழியாக வரும்போது அந்த எண் 8864 ஆகிவிடுகிறது. ஐபி தலைப்பு இன்னும் 8 பைட் தள்ளி உள்ளே கிடக்கிறது. உங்கள் ஊர் செக்போஸ்டில் தார்ப்பாய் போர்த்திய லாரியைப் பேப்பரை மட்டும் பார்த்து அனுப்புகிற மாதிரிதான். உள்ளே இருப்பது பேச்சா வீடியோவா என்று பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாது. எந்த ரூலிலும் சேராததால் எல்லாம் ஒன்றாக பெஸ்ட் எஃபர்ட் ஃப்ளோவில், அதாவது எந்த உத்தரவாதமும் இல்லாத பொதுப் பாதையில், விழுகிறது. பிபிபிஓஇயைத் தாண்டி உள்ளே படிக்கும் பெட்டிகளும் உண்டு. மேனுவலில் அப்படித் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை, எண்ணியே பார்த்துவிடலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு போன் கால் போட்டு, அந்த ரூலின் அல்லது ஃப்ளோவின் பாக்கெட் கவுண்டரைப் பாருங்கள். ஜி.711 கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை), 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50, நிமிடத்துக்கு 3000. டவுன்லிங்கிலும் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து வாடிக்கையாளருக்கு) அப்லிங்கிலும் (வாடிக்கையாளரிடமிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு) தனித்தனியே இந்தக் கணக்கு வர வேண்டும் (பேசாதபோது பாக்கெட் அனுப்பாமல் இருக்கும் வசதியைப் போனில் அணைத்துவிட்டுப் பாருங்கள்). இரண்டிலும் பூஜ்ஜியமாகவே நின்றால் நான் சொன்ன பிபிபிஓஇ விவகாரம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால், போர்ட்டைத் திசை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்: சர்வரின் போர்ட் அப்லிங்கில் டெஸ்டினேஷன், டவுன்லிங்கில் சோர்ஸ். வைமாக்ஸில் டவுன்லிங்க் பாக்கெட்டைப் பேஸ் ஸ்டேஷன் பிரிக்கும். அப்லிங்க் பாக்கெட்டை வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டி பிரிக்கும். ரூல் எழுதும் இடம் ஒன்றாக இருப்பதால் இது பலருக்கும் மறந்துபோகிறது.

சரி, தீர்வு. போர்ட் எண்ணைத் துரத்துவதை விட்டுவிடுங்கள். பேச்சுக்கென்று தனி விலேன் (ஒரே லைனுக்குள் எண் போட்டுப் பிரிக்கும் தனி நெட்வொர்க்) போடுவதுதான் என் யோசனை. இன்டர்நெட் இப்போது போலவே பிபிபிஓஇயில் விலேன் 10 வழியாகப் போகட்டும். ஐபி போன்கள் விலேன் 20-ல், பிபிபிஓஇ இல்லாமல், டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாக முகவரி வாங்கட்டும். பேஸ் ஸ்டேஷனில் ரூல் ஒரே வரி: விலேன் ஐடி 20 என்றால் பேச்சு ஃப்ளோ. திசை மாறினாலும் விலேன் எண் மாறாது. பெரும்பாலான ஐபி போன்களில் விலேன் எண் போட இடம் இருக்கிறது. நடுவில் இருக்கும் ரவுட்டரோ சுவிட்சோ அந்த விலேன் எண்ணைத் தாங்கிய டேகைக் கழற்றாமல் அனுப்புகிறதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். இந்த முறைக்கு ஃப்ளோ ஈதர்நெட் வகையாக இருக்க வேண்டும். ஐபி வகை என்றால் விலேன் ரூல் வேலை செய்யாது.

விலேன் பிரிக்க முடியாத இடங்களில், பிபிபிஓஇ போடும் ரவுட்டரிலேயே பேச்சுப் பாக்கெட்டின் விலேன் டேகில் ப்ரையாரிட்டி 5 எழுதச் சொல்லி, பேஸ் ஸ்டேஷனில் அதைப் பிடிக்கலாம். இரண்டு முனையிலும் செய்ய வேண்டும் என்பதால் வேலை அதிகம்.

டிஎஸ்சிபி (ஐபி தலைப்பில் பாக்கெட்டின் வகையைச் சொல்லும் 6 பிட் எண்) வைத்துப் பிரிக்கிறேன் என்று போனால் ஒரு இடத்தில் கால் இடறும். பேச்சுக்கான டிஎஸ்சிபி 46. ஆனால் வைமாக்ஸ் ரூலில் கேட்பது அந்த 6 பிட்டுடன் கடைசி 2 பிட்டும் சேர்ந்த முழு டாஸ் பைட்; அங்கே 184 (46 × 4) என்று போட வேண்டும், மாஸ்க் 252 (கடைசி 2 பிட்டைப் பார்க்க வேண்டாம் என்று பொருள்). 46 என்றே போட்டால் ரூல் அமைதியாகச் சும்மா இருக்கும், எரர்கூடக் காட்டாது. ரூல்களின் வரிசையிலும் இதே மாதிரி இடறலாம். வைமாக்ஸில் ரூலின் ப்ரையாரிட்டி 0 முதல் 255 வரை; பெரிய எண் முதலில் பார்க்கப்படும். எல்டிஇயில் (4ஜி) தலைகீழ், சிறிய எண்தான் முதலில். நாளைக்குப் பெட்டியை மாற்றும்போது பழைய எண்களை அப்படியே காப்பி செய்துவிடாதீர்கள்.

இனி அந்த 64 கிலோபிட். ரூல் சரியானதும் அடுத்து உங்களை அடிக்கப்போவது இதுதான். ஜி.711-ல் 64 என்பது குரல் மட்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 160 பைட் குரலுடன் ஐபி, யுடிபி, ஆர்டிபி (குரலைச் சுமக்கும் நெறிமுறை) தலைப்பு 40 பைட் சேரும். அதுவே 80 கிலோபிட். ஈதர்நெட்டும் விலேன் டேகும் 18 பைட் சேர்த்தால் 87 கிலோபிட்டைத் தாண்டும். யூஜிஎஸ் என்பது கொடுத்ததற்கு மேல் ஒரு பிட்டும் தராது. 64-ல் அடைத்தால் ஆள் இல்லாத ராத்திரியிலும் பேச்சு உடையும். ஒரு காலுக்கு 90 வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆபீஸில் இரண்டு போன் ஒன்றாகப் பேசினால் 180.

ஆனால் கணக்கில்லாமல் ஒதுக்கவும் கூடாது. யூஜிஎஸ் இடம் யாரும் பேசாதபோதும் பிடித்துவைக்கப்பட்டே இருக்கும். நல்ல சிக்னலில், 64 குவாம் 3/4 என்ற வேகமான முறையில், ஒரு சிம்பலுக்கு (ஒருமுறை அனுப்பும் அலைத்துண்டு) 4.5 பிட் போகும். சிக்னல் இறங்கி கியூபிஎஸ்கே 1/2 என்ற மெதுவான முறைக்கு மாறினால் 1 பிட்தான். அதே 90 கிலோபிட்டுக்கு நாலரை மடங்கு காற்றுநேரம் வேண்டும். உங்கள் பக்கம் இடவப்பாதியில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) இது கண்கூடாகத் தெரியும். வைமாக்ஸ் ஓடும் அலைவரிசைகளில் மழைத்துளியால் வரும் இழப்பு குறைவு. ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களின் நனைந்த இலைகள்தான் ஆளைக் கொல்லும். மரங்களுக்கு நடுவில் மாட்டிய வாடிக்கையாளர் ஆன்டெனாக்களை ஜூனுக்கு முன்னால் மரத்துக்கு மேல் தூக்கிவிடுங்கள். உங்கள் பெட்டி 802.16இ (வைமாக்ஸின் பிந்தைய பதிப்பு) தரம் என்றால் யூஜிஎஸ்ஸுக்குப் பதில் இஆர்டிபிஎஸ் என்ற ஃப்ளோ வகையைப் போடுவது மேல். பேச்சு இல்லாதபோது இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அப்புறம், வாட்ஸ்அப் காலுக்கும் இப்படிச் செய்து தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதன் போர்ட்கள் நிலையில்லாதவை. யூடியூப் வீடியோவும் யுடிபி 443-ல் வரும் காலத்தில், யுடிபி என்றாலே பேச்சு என்று ரூல் எழுதினால் வீடியோவுக்கு முதல் மரியாதை கிடைத்துவிடும். அவர்களுக்குச் செய்யக்கூடியது ஆளுக்கு ஒரு வேக வரம்பு, அவ்வளவுதான்.