ரிசர்வ் வங்கி விதிகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது? நிதி நிறுவனத்தார் கேள்விகள்

ஆடிட்டர் ஃபீஸ், சாஃப்ட்வேர் கட்டணம் இரண்டையும் கூட்டி ‘கம்ப்ளையன்ஸ் செலவு’ (விதிகளைப் பின்பற்ற ஆகும் செலவு) என்று பட்ஜெட்டில் எழுதுகிறேன். போதுமா? (கரூர் வாசகர்)

போதாது. பில் வராத செலவுதான் பெரிது: ஊழியர் நேரம். வாடிக்கையாளர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று சொல்லும் கடன் தகவல் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அனுப்பியது, 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆனது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். பான் எண் பொருந்தவில்லை, பிறந்த தேதி இல்லை என்று பிழைப்பட்டியல் நான்கு இடத்திலிருந்தும் தனித்தனியாகத் திரும்பி வரும். திருத்தும் வேலையும் சேர்த்துச் சுற்றுக்கு 6 மணி நேரம், பி.எஃப்., போனஸ் உட்பட மணிக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். ஆண்டுக்கு 24 சுற்று: 28,800 ரூபாய். ஒரே ஒரு அறிக்கைக்கு இது! இடைவெளி இன்னும் சுருங்கினால் 24-ஐ மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற ரிட்டர்ன்களுக்கும் இதே பெருக்கல்தான்.

சாஃப்ட்வேருக்குக் கட்டும் ஜிஎஸ்டி திரும்பக் கிடைத்துவிடும்தானே?

கட்டிய வரியில் பாதியை மட்டும் திரும்ப எடுக்கும் 50 சதவீத முறையை உங்கள் நிறுவனம் தேர்ந்தெடுத்திருந்தால் பாதிதான். 10 லட்ச ரூபாய் சாஃப்ட்வேருக்கு வரி 1.8 லட்சம், அதில் 90,000 உங்கள் கைச்செலவு. 10.9 லட்சம் என்று எழுதுங்கள்.

கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) செலவு முழுவதையும் விதியின் தலையில் கட்டலாமா?

கூடாது. விதியே இல்லாவிட்டாலும் ஆள் யார், வீடு எங்கே என்று பார்க்காமலா கடன் கொடுப்பீர்கள்? அதைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது மத்திய கேஒய்சி பதிவகத்தில் விவரங்களை ஏற்றுவதும், அவ்வப்போது புதுப்பிப்பதும். அதிக ரிஸ்க் வாடிக்கையாளருக்கு 2 ஆண்டு, நடுத்தரத்துக்கு 8, குறைந்ததற்கு 10. பயத்தில் எல்லாரையும் ‘அதிக ரிஸ்க்’ பட்டியலில் தள்ளும் மேலாளர்கள் உண்டு. 10 ஆண்டு ஆளை 2 ஆண்டுப் பட்டியலில் போட்டால் வேலை ஐந்து மடங்கு.

அபராதத்தையும் சேர்க்கலாமா?

தனி வரியில் போடுங்கள். கடன் முடிந்து 30 நாளில் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தவறு உங்களுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது விதியை மீறியதற்கான செலவு.

எங்கள் சொத்து மதிப்பு அடுத்த ஆண்டு 1,000 கோடியைத் தொடும். செலவு கொஞ்சம் கூடுமா? (கோவை வாசகர்)

கொஞ்சமா! ரிசர்வ் வங்கி நிதி நிறுவனங்களைப் பிரித்திருக்கும் அடுக்குகளில், விதிகள் கூடுதலான ‘மிடில் லேயருக்கு’ப் போகிறீர்கள், ஒரே தாவல். தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரி வேண்டும். அவருக்கு வியாபாரப் பொறுப்பு கொடுக்கக்கூடாது. அதனால் இருக்கிற கடன் பிரிவுத் தலைவரிடமே இதையும் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்க முடியாது, முழுச் சம்பளம் எழுதியாக வேண்டும். சேவை மையங்கள் 10 அல்லது அதற்கு மேல் என்றால் எல்லாவற்றையும் இணைக்கும் கோர் சாஃப்ட்வேரும் கட்டாயம். அதற்கு விலைப்புள்ளி கேட்கும்போது, பழைய கணக்குகளை மாற்றித் தருவதற்கு என்ன கட்டணம் என்று தனியாகக் கேளுங்கள்.