மூவாயிரம் சதுர அடி எதற்குப் பிள்ளை?

கேள்வி: ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), பனங்கட்டி, மிளகாய்த்தூள் ஆகியவற்றை இணையத்தில் விற்கிறேன். வீட்டு விறாந்தையும் ஓர் அறையும் இதுவரை போதுமாக இருந்தன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் 400 பெட்டி வரை சேர்ந்துவிடுகிறது. படுக்க இடமில்லை என்று அம்மா சண்டை பிடிக்கிறார். நாவற்குழிப் பக்கம் 3,000 சதுர அடிக் களஞ்சியம் ஒன்று மலிவாக வருகிறது. சுன்னாகத்தில் 450 சதுர அடிப் பழைய கடை ஒன்றும் இருக்கிறது. சதுர அடிக் கணக்கில் அதற்கு இரட்டிப்பு வாடகை. எதை எடுக்கலாம்?
— வாசகி, கோண்டாவில்

பதில்: சுன்னாகம். காரணங்களைப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு பரப்புக் காணி முழுவதையும் மூடிக் கூரை போட்டாலும் ஏறத்தாழ 2,720 சதுர அடிதான் வரும். உங்கள் 400 பெட்டிக்கு அதைவிடப் பெரிய மண்டபமா? ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று வைத்தால் ஒரு பெட்டி ஒன்றரை கன அடி. எல்லாம் சேர்ந்து 600 கன அடி. ஆறடி உயரத்துக்கு றாக்கை அடித்து அடுக்கினால் 100 சதுர அடித் தரையில் அடங்கிவிடும். நடக்கவும் இறக்கி ஏற்றவும் இன்னொரு 150 விடுங்கள். பொதி கட்டும் மேசைக்கும் கூரியருக்குக் காத்திருக்கும் பார்சல்களுக்கும் 100. அதற்கு மேலும் 100 சதுர அடி கையில் மிஞ்சுகிறது.

மலிவு என்பது சதுர அடியில்தான். அரை விலையானாலும், நாவற்குழிக்கு மாதம் தோறும் சுன்னாகத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கப் போகிறீர்கள். வாடகையைச் சதுர அடியால் வகுக்காதீர்கள். மாதம் அனுப்பும் பார்சல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பார்சலுக்கு எவ்வளவு வாடகை விழுகிறது என்று தெரிந்தவுடன் ஆசை தானாக அடங்கும்.

அடுத்தது ஈரம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் சாவி வைத்திருந்தவன் என்ற உரிமையில் இதை அழுத்திச் சொல்கிறேன். பனங்கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பனையோலைக் குட்டானுக்குள்ளேயே கசியத் தொடங்கும். ஒடியல் மாவில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் வரும், பின்னாலேயே வண்டும் வரும். நாவற்குழி கடல்நீரேரியை ஒட்டிய தாழ்ந்த நிலம். சுன்னாகத்துச் செம்மண் நீரை உள்வாங்கும். அதற்காகச் சுன்னாகக் கடையைப் பார்க்காமலே எடுத்துவிடவும் வேண்டாம். நமக்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெருமழை. சித்திரை வெயிலில் எல்லாக் கட்டடமும் நல்ல கட்டடமாகத்தான் தெரியும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, புதுச் சுண்ணாம்பு இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள், அவருக்கு அந்த ஆண்டு மழையே பெய்திருக்காது.

கூரையையும் பாருங்கள். அஸ்பெஸ்டோஸ் சீற் மட்டும் இருந்தால் பகல் வெக்கையில் மிளகாய்த்தூளின் நிறம் மங்கும். கீழே சீலிங் அடித்துத் தரச் சொல்லுங்கள். மிளகாய்த்தூளைப் பனங்கட்டிக்கு எதிர்ச் சுவரில் வையுங்கள், பக்கத்தில் வைத்தால் மணம் பிடித்துவிடும். எந்தப் பெட்டியும் தரையில் நேரே இருக்கக் கூடாது. சுவரிலிருந்தும் அரை அடி தள்ளி வைத்தால் எலி ஓடிய தடம் கண்ணில் படும். முதலில் வந்த பெட்டி முதலில் போக வேண்டும். அதனால் றாக்கைக்கு இரண்டு பக்கமும் வழி விடுங்கள்.

உங்கள் பார்சல் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டியது. கூரியர்காரர் எத்தனை மணிக்குக் கடைசியாகப் பொதி எடுக்கிறார், அவருடைய வண்டி உங்கள் ஒழுங்கைக்குள் வருமா என்பவற்றை முற்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். மாலை எடுப்பைத் தவறவிட்டால் வாங்கியவருக்கு ஒரு நாள் பிந்தும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், சாவி வைத்திருக்கும் மைத்துனரின் வாய்ச்சொல் செல்லாது. உரிமையாளர் எழுதிக் கொடுத்த அற்றோனித் தத்துவத்தை (அதிகாரப் பத்திரத்தை) காட்டச் சொல்லுங்கள். சகோதரர்கள் பங்காளிகளாக இருந்தால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் அதைத்தான் கேட்கிறது. விற்பது உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள். றாக்கை அடித்த பிறகு அவர் குறை சொன்னால் செலவு இரட்டிப்பு.

கேள்வி: கொழும்புப் புறக்கோட்டையில் உடுப்பு எடுத்து இணையத்தில் விற்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் கொழும்பில். யாழ்ப்பாணத்தில் களஞ்சியம் தேடுகிறேன், நல்ல இடம் எது?
— வாசகர், மானிப்பாய்

பதில்: கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் சித்தப்பா வீட்டு அறை. சித்தப்பா இல்லையென்றால் அங்கேயே ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுங்கள். அந்தச் சட்டைகள் யாழ்ப்பாணத்து வாசலான ஆனையிறவைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.