குதிகாலுக்குப் பின்னால் வலி: ஓய்வெடுத்தால் போதுமா?

கேள்வி: காலையில் எழுந்து காலை ஊன்றினால் குதிகாலுக்குப் பின்னால் விண்ணென்று வலிக்கிறது. நாலு எட்டு வைத்தால் குறைந்துவிடுகிறது. கொஞ்ச நாள் ஓடாமல் இருந்தால் சரியாகிவிடுமா?

நானும் அப்படி நினைத்து ஆறு வாரம் சும்மா இருந்தேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. திரும்ப ஓடப் போன இரண்டாவது நாளே அதே இடத்தில் அதே வலி!

வலிக்கிற இடத்தில் இருப்பது, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நாண். வீட்டில் நரம்பு என்பார்கள், டாக்டர் அக்கிலிஸ் டெண்டன் என்பார். உடம்பிலேயே பலமான நாண் அதுதான், ஆனால் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓய்வில் வலி அடங்குமே தவிர நாண் பலப்படாது. அதற்குப் பாரம் வேண்டும், அளவாக.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தது படிக்கட்டுப் பயிற்சி. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி இரண்டு காலாலும் எக்க வேண்டும். அப்புறம் நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலின் குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. அவருக்கே இந்த வலி இருந்ததாம். ஆபரேஷன் செய்ய மேலதிகாரி மறுத்துவிட, நாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று வேண்டுமென்றே பாரம் ஏற்றியிருக்கிறார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டதாம்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது மாதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வெறுப்பாகத்தான் இருந்தது. நான்காவது மாதம்தான் மறுபடி ஓடினேன்.

ஒன்றைக் கவனியுங்கள். எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, எலும்பில் அழுந்தி வலி கூடும். சமதரையில் எக்கி இறங்கினால் போதும். செருப்பில் சின்னக் குதிகால் மெத்தை வைத்தால் இதமாக இருக்கும். அடிப்பாதத்தில் வலி என்றால் அது வேறு பிரச்சினை.

நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், அறுந்துபோக வாய்ப்பு உண்டு. சிப்ரோஃப்ளோக்சசின், லீவோஃப்ளோக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும் இந்த நாணைப் பாதிக்கலாம், சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்களோடு ஷட்டில் ஆடும் அண்ணன் ஒருவர் ஒருநாள் 'டப்' என்ற சத்தம் கேட்டு, பின்னாலிருந்து எவனோ உதைத்துவிட்டான் என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை, நாண் அறுந்திருந்தது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசையவில்லை. அப்படி ஆனால் பயிற்சியெல்லாம் கிடையாது, அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தைப்பதா, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். அண்ணனுக்குத் தைத்தார்கள். இப்போது ஆடுகிறார், ஆனால் இரட்டையர் ஆட்டம் மட்டும்.