கிறக்கமான பாட்டுகள்: கேள்வி பதில்

மேடையில பாடுறவங்க, கரோக்கிக்காரங்க, பழைய ரெக்கார்டு சேர்க்கிறவங்க, சும்மா ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேக்குறவங்கன்னு பல பேர் அனுப்பின கேள்விகள். கேட்டவங்களோட ஏரியா பேரு மட்டும் போட்டிருக்கு. இரட்டை அர்த்த வரிக்கு விளக்கம் கேட்டவங்களுக்குப் பதில் கிடையாது. அது வரியை வச்சு விளையாடுற சமாச்சாரம், இங்க பேச்சு பாட்டைப் பத்தி.

தண்டையார்பேட்டை: அண்ணே, எங்க குழுவுல ஒரு பொண்ணு 'காதோடுதான் நான் பாடுவேன்' பாடுது. ரிகர்சல்ல உருக்கிடுது. மேடையில மைக் 'கீ'ன்னு கத்துது. வால்யூமைக் குறைச்சா குரலே கேக்கல. என்ன பண்றது?

அது 'வெள்ளி விழா' (1972), வி. குமார் இசை, எல்.ஆர். ஈஸ்வரி குரல். அந்தப் பாட்டுக்கு உயிரே சன்னக் குரல்தான், உங்க பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்குது. சன்னமா பாடினா மைக்குக்குப் போற சத்தம் கம்மி. மிக்ஸர்ல இருக்கிறவர் கெயினை (மைக் சத்தத்தைப் பெருசாக்குற குமிழ்) தூக்குவார். கெயின் ஏறினதும் மானிட்டர்ல (பாடுறவங்க தங்க குரலைக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) வர்றதை மைக் மறுபடி பிடிச்சு அதுக்கே அனுப்பும். அந்தச் சுத்துதான் கீச்சு.

கெயினை விட்டுட்டு தூரத்தைச் சரி பண்ணுங்க. மைக்கை உதட்டுலேருந்து 3, 4 செ.மீ.க்குக் கொண்டு வாங்க. தூரம் பாதியானா குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; அவ்வளவு கெயினை இறக்கிக்கலாம். இவ்வளவு கிட்ட வந்தா அடிக்குரல் உப்பிக்கும், ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் பிடிக்கிற மேடை மைக்கோட குணம் அது. லோ கட் (அடிச் சத்தத்தை வெட்டுற பட்டன்) 100 ஹெர்ட்ஸ்ல போடுங்க. அப்பவும் மந்தமா இருந்தா 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் எடுங்க, அதுக்கு மேல எடுத்தா குரல் எலும்பாயிடும். 'ப' வர்ற இடமெல்லாம் 'புஸ்'ஸுன்னு வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கடைவாய்ப் பக்கம் சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க.

மானிட்டர் எங்க இருக்குன்னும் பாருங்க. மைக்குக்குக் காது கேக்காத பக்கத்துல அது இருக்கணும்: கார்டியாய்டு மைக்னா நேர் பின்னாடி, சூப்பர் கார்டியாய்டுன்னா பின்னாடி ரெண்டு ஓரம். வலைக்கூண்டை உள்ளங்கையால பொத்திப் பிடிக்கவே கூடாது. பொத்தினா மைக் எல்லாப் பக்கமும் காது கொடுக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் எக்கோவைக் குறைங்க. காதோடு பாடுற பாட்டுக்குக் கிணத்துக்குள்ள பாடுற எக்கோ எதுக்கு?

வியாசர்பாடி: 'பொன்மேனி உருகுதே' கரோக்கி டிராக்கை மூணு சுருதி இறக்கினேன். டிரம்ஸ் டப்பா மாதிரி கேக்குது.

அரைச் சுருதி கணக்குல ரெண்டு வரைக்கும்தான் சாப்ட்வேர் தாங்கும். அதுக்கு மேல போனா தாள வாத்தியத்தோட அடி மழுங்கிடும். கீபோர்டு வாசிக்கிறவர் கிடைச்சா டிரான்ஸ்போஸ் பண்ணி வாசிக்கச் சொல்லுங்க. அவர்கிட்ட 'மூணரைக் கட்டை'ன்னு சொல்லிடாதீங்க. கட்டைங்கிறது வெள்ளைக் கட்டையை 1லேருந்து எண்ணுற கணக்கு, அரைன்னா நடுவுல இருக்கிற கருப்பு. 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவுல கருப்புக் கட்டை கிடையாது, 7க்கும் மேல் 1க்கும் நடுவுலயும் கிடையாது. எக்கோ எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேக்கல. எவ்வளவா இருந்தாலும் பாதியாக்குங்க.

பெரம்பூர்: எல்.ஆர். ஈஸ்வரின்னா கிளப் டான்ஸ் பாட்டு. கிறக்கம்னா எஸ். ஜானகி ஒருத்தர்தான். எதுக்கு சார் ஈஸ்வரிக்கு இவ்வளவு இடம்?

இதை விட மாட்டேன். 'ஆடவரெலாம் ஆட வரலாம்' (கறுப்புப் பணம், 1964), 'பளிங்கினால் ஒரு மாளிகை' (வல்லவன் ஒருவன், 1966) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேளுங்க. குரலைத் திறந்து விட்டு அழைக்கிற பாட்டுங்க அது. அதே தொண்டை 'காதோடுதான்'ல பாதிக் கதவைச் சாத்திக்கிது. திறந்து பாடத் தெரிஞ்சவங்க அடக்கிப் பாடும்போதுதான் அடக்கத்துக்கே அர்த்தம் வருது. உள்ள எவ்வளவு பலம் இருக்குன்னு கேக்குறவனுக்குத் தெரியும், அது வெளிய வராம நிக்கிறதுலதான் மனசு தவிக்கும்.

ஜானகியம்மா வேற வழி. 'பொன்மேனி' (மூன்றாம் பிறை, 1982) வேகமான தாளம். அடக்கத்துக்கு அங்க வேலையில்ல. மூச்சையே இன்னொரு வாத்தியமாக்கிட்டாங்க. அந்த மூச்சு தாளத்தோட உக்காருது, சும்மா வர்ற பெருமூச்சு இல்ல. அதைக் காப்பியடிக்கிறவங்க மூச்சை மட்டும் எடுத்துக்கிட்டுத் தாளத்தை விட்டுடுறாங்க, கேக்க ஆஸ்துமா மாதிரி ஆயிடுது.

காசிமேடு: பெரம்பூருக்கு ஒண்ணு சொல்லுங்கண்ணே. ஆடி மாசம் எங்க தெருவுல அம்மன் கோயில் ஸ்பீக்கர்ல பாடுறதும் ஈஸ்வரியம்மாதான். 'செல்லாத்தா'வுக்குச் சாமியாடுற பொம்பளைங்க கிளப் பாட்டுக்கா ஆடுறாங்க?

சரியாச் சொன்னீங்க. அதே குரல், அதே திறந்த வாய். ஒரு குரலை ஒரு டப்பாவுல போட்டு மூடுறவங்க கேக்குறதை நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம்.

பெரம்பூர் (மறுபடி): சாமி பாட்டைக் கொண்டாந்து வாதத்தை மாத்தாதீங்க. நான் கேட்டது கிறக்கம். 'ராத்திரியில் பூத்திருக்கும்' மாதிரி ஒண்ணு ஈஸ்வரி பாடியிருக்காங்களா?

இப்பதான் விஷயத்துக்கு வந்தீங்க. 'தங்க மகன்' (1983), எஸ்.பி.பி.யும் ஜானகியும். நீங்க சொல்ற கிறக்கத்துல பாதி பாடினவங்களோடது, பாதி ராகத்தோடது. அது ஹம்சானந்தி. அதுல பஞ்சமம் (ப) இல்ல. ஸ விட்டா காலை ஊனி நிக்கிற இடம் ப. அது இல்லாததால பாட்டு எங்கயும் உக்கார முடியாம மிதந்துக்கிட்டே இருக்கும். சுத்த ரிஷபம் (சின்ன ரி) ஸ-வை உரசிக்கிட்டு நிக்கும், மேல நிஷாதமும் (நி) அப்படியே. ரெண்டு பக்கமும் தொட்டும் தொடாமலும். சாயங்காலம் பாடுற ராகம்னு வச்சதே அதனாலதான்னு எனக்குப் படுது. மேடையில இதைப் பாடுறவங்க நடுவுல சொந்தமா ஆகாரம் ('ஆ'ன்னு இழுக்கிறது) சேர்க்கும்போது பழக்கத்துல ப-வைத் தொட்டுடுறாங்க. தொட்ட நொடியே மிதப்பு போச்சு, பாட்டு தரையில உக்காந்துடும்.

ஈஸ்வரிக்கு இந்த மாதிரி மெட்டு அதிகம் வரல, உண்மை. அது அவங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாட்டோட எல்லை. குரலோட எல்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

ராயபுரம்: ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நடுவுல ஸ்வர்ணலதாவை மறந்துட்டீங்க.

மறக்கல. 'என்னுள்ளே என்னுள்ளே' (வள்ளி, 1993) கீரவாணி ராகம். 'மாசி மாசம் ஆளான பொண்ணு' (தர்ம துரை, 1991) ஜேசுதாஸோட. ஸ்வர்ணலதா குரல்ல ஒரு பட்டுப் பூச்சு இருக்கும்: மேல போகும்போதும் கூர்மை ஏறாது. 'என்னுள்ளே' பாட ஆசைப்படுற பொண்ணுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: உச்சியில அழுத்தாதீங்க. மேல் ஸ்தாயியில சத்தத்தைக் குறைச்சுப் பாடிப் பழகுங்க. கஷ்டம்தான். தினம் பத்து நிமிஷம் ஆகாரத்துல, ஒரே ஸ்வரத்தைப் பெருசா ஆரம்பிச்சுச் சன்னமா முடிக்கிற பயிற்சி பண்ணினா வரும்.

மண்ணடி: சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா ஐயா? நம்ம சாஸ்திரீய சங்கீதத்துல இந்த மாதிரி விரசம் கிடையாது.

ஐயா, நீங்க இருக்கிற பேட்டையிலேருந்துகிட்டு இதைச் சொல்லலாமா? வீணை தனம்மாள் (1867–1938) உங்க மண்ணடி இருக்கிற ஜார்ஜ் டவுன்லதான் வாழ்ந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டு வாசிப்பைக் கேக்கப் பெரிய வித்வான்களே போய் உக்காருவாங்க. அந்தக் குடும்பத்துச் சொத்தே பதமும் ஜாவளியும் (துள்ளலான சின்னக் காதல் பாட்டு). பதம்னா என்ன? க்ஷேத்ரய்யா 17ஆம் நூற்றாண்டுல தெலுங்குல எழுதினது: கிருஷ்ணன் மேல, காதலி பாடுற மாதிரி. ஊடல், ஏக்கம், ராத்திரி வராதவன் மேல கோவம், வந்துட்டுப் போனவனைப் பத்தின நினைப்பு எல்லாம் அதுல உண்டு. தமிழ்ல கனம் கிருஷ்ணய்யர் பதங்கள் இருக்கு. தனம்மாளோட பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, சிருங்காரம்தான் உணர்ச்சிகள்ல தலையாயதுன்னு வெளிப்படையாச் சொன்னவங்க. அதுல விரசத்தைப் பார்த்தது பாடினவங்க இல்ல, பின்னாடி வந்து சுத்தம் பண்ணினவங்க.

தனம்மாள் வாசிப்பு ரொம்ப மெல்லிசா இருக்குமாம், கூட்டம் மூச்சு விடாம உக்காந்து கேட்டாத்தான் காதுல விழும். கிறக்கத்துக்கு வேண்டியது அந்தத் தணிஞ்ச ஓசை. கேக்குறவன் முன்னாடி சாய்ஞ்சு கேக்கணும், பாடகர் பின்னாடி துரத்தக் கூடாது. பதத்துக்கும் 'காதோடுதான்'க்கும் நான் பார்க்கிற உறவு இதுதான். பேத்திங்க பிருந்தா, முக்தா பாடின பதம் ஏதாவது ஒண்ணைப் பொறுமையா முழுசாக் கேளுங்க. சவுக்கம் (ரொம்ப மெதுவான நடை), ஒரு வரி முடிய ஒரு யுகம் ஆகும். நடுவுல நிறுத்தினா ஒண்ணும் புரியாது.

பெரம்பூர் (மூணாவது தடவை): அப்ப ஜானகியை விட ஈஸ்வரி பெரியவங்கன்னு சொல்றீங்க, அப்படித்தானே?

இல்ல. மேல ரெண்டு தடவை எழுதியாச்சு. படிங்க.

கொளத்தூர்: கல்யாண நாள் வருது. ராத்திரி வீட்டுக்காரியோட கேக்க ஒரு லிஸ்ட் குடுங்க சார்.

வாழ்த்துகள். மெதுவுல ஆரம்பிச்சு மெதுவுலயே முடிங்க. 'நேத்து ராத்திரி யம்மா'வை நடுவுல போட்டா ஒரு மணி நேர மனநிலை ரெண்டு நிமிஷத்துல கலையும், அது கொண்டாட்டப் பாட்டு. என் வரிசை: 'பளிங்கினால் ஒரு மாளிகை', 'மாசி மாசம்', 'ராத்திரியில் பூத்திருக்கும்', 'ஸ்நேகிதனே' (அலைபாயுதே, 2000), 'என்னுள்ளே', கடைசியா 'காதோடுதான்'. போன்ல 'சரவுண்ட்', 'பாஸ் பூஸ்ட்' எல்லாத்தையும் அணைச்சிடுங்க. பழைய பாட்டு மோனோவுல பதிவானது. சரவுண்ட் போட்டா நடுவுல நிக்க வேண்டிய குரல் ரெண்டு காதுக்கும் சிதறிடும்.

எருக்கஞ்சேரி: தலைவரே, நல்ல ரொமான்டிக் லிஸ்ட் ஒண்ணு?

மேல கொளத்தூர்.

மூலக்கடை: டாப் 10 மூடு சாங்ஸ் சொல்லுங்க ஜி. டவுன்லோடு லிங்க்கோட.

மேல கொளத்தூர். லிங்க் கிடையாது.

ஓட்டேரி: தாத்தா காலத்து ரெக்கார்டுல 'மன்மத லீலை' கிடைச்சுது. தூசி, பிசுக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

வேணாம், வேணவே வேணாம்! 78 வேக ரெக்கார்டு ஷெல்லாக்கு, அரக்குச் சமாசாரம். ஸ்பிரிட் அதைக் கரைச்சுடும், குழியெல்லாம் மழுங்கிடும். காய்ஞ்ச மென்மையான பிரஷ்ஷால குழியோட போக்குலயே தூசி தட்டுங்க. பிசுக்கு விடலன்னா டிஸ்டில்டு வாட்டர்ல துணியை நனைச்சுப் பிழிஞ்சு லேசா ஒத்துங்க, நடு லேபிள்ல ஈரம் படக்கூடாது, உடனே காய வைங்க. எல்.பி. ஊசியால 78ஐ ஓட்டாதீங்க. குழி அகலம், ஊசி அடியில உரசி இரைச்சல்தான் வரும். 78க்குன்னு 3 மில் (அங்குலத்துல ஆயிரத்துல மூணு பங்கு) ஊசி தனியா விக்குது.

நல்ல பொருள் அது. 'ஹரிதாஸ்' (1944), பாபநாசம் சிவன் பாட்டு, சாருகேசி ராகம், பாகவதர் குரல். நம்ம பிராட்வே தியேட்டர்லதான் மூணு தீபாவளி பார்த்த படம். மன்மதனைப் பத்தின பாட்டை அந்த நாள்ல குடும்பமே பாடிட்டுத் திரிஞ்சுது, மண்ணடி ஐயா கவனிக்கணும்.

திருவொற்றியூர்: கோயில் திருவிழாக் கச்சேரி. ராத்திரி 10 மணிக்கு மேல மெலடி ரவுண்டு வச்சிருக்கோம், சன்னமாத்தான் பாடுவோம். பரவாயில்லையா?

திறந்த வெளியில ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. சன்னமா பாடினாலும் ஸ்பீக்கர் ஸ்பீக்கர்தான். திருவிழா தளர்வு ஏதாவது உண்டான்னு ஸ்டேஷன்ல முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க. இல்லேன்னா மெலடி ரவுண்டை 8 மணிக்கு இழுத்து, குத்துப் பாட்டை அதுக்கப்புறம் 10க்குள்ள முடிங்க. கூட்டம் அமைதியா இருக்கிற நேரமும் அந்த 8 மணிதான்.

எண்ணூர்: ஹஸ்கியா பாடினா ரெண்டே பாட்டுல தொண்டை கட்டிக்குது.

காத்துக் கலந்து பாடும்போது குரல் நாண் முழுசா மூடாது. மூச்சு சீக்கிரம் தீரும், தொண்டை உலரும். அதனால வரிக்கு நடுவுல கூடுதலா மூச்சு எடுங்க, மூக்கு வழியா, மைக்கை நகர்த்திட்டு. முழுப் பாட்டையும் ஹஸ்கியா பாடாதீங்க. பல்லவியோட கடைசி வார்த்தை, சரணத்துக்குள்ள நுழையிற இடம், இப்படி ரெண்டு மூணு இடம் போதும்; மத்ததைத் தெளிவான குரல்ல பாடினாத்தான் அந்த இடம் எடுபடும். ஐஸ் தண்ணி வேணாம், சாதாத் தண்ணியைச் சிறுசிறு வாயாக் குடிங்க. ரெண்டு வாரத்துக்கு மேல கரகரப்பு நின்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

புரசைவாக்கம்: மேடைக்கு எக்கோ எவ்வளவுதான் வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லிடுங்க.

ரிவெர்ப் (கூடத்துல நிக்கிற முழக்கம்) 1.2லேருந்து 1.5 செகண்டு, பிரீ டிலே (அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விடுற இடைவெளி) 30, 40 மில்லி செகண்டு. அப்பதான் வார்த்தை முதல்ல வந்து, கூடம் பின்னாடி வரும். டிலே (வார்த்தை திரும்பத் திரும்ப வர்ற எக்கோ) போட்டே ஆகணும்னா 60,000ஐப் பாட்டோட டெம்போவால (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) வகுங்க: 90 டெம்போன்னா ஒரு தட்டுக்கு 667 மில்லி செகண்டு, அரைத் தட்டுக்கு 333. தாளத்தோட ஒட்டாத டிலேதான் எல்லா மேடையிலயும் 'ர'வையும் 'ல'வையும் குழப்பிக்கிட்டிருக்கு. எல்லாம் வச்சு முடிச்சப்புறம், ரிவெர்ப் இருக்கிறது காதுல தனியாத் தெரிஞ்சா இன்னும் ஒரு 3 டெசிபல் இறக்குங்க.