டெபுடி என்றால் டி.எஸ்.பி. இல்லை!

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் மகனை ஒரு ‘டெபுடி ஷெரிஃப்’ நிறுத்தி, வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட் கொடுத்தாராம். டெபுடி என்றால் நம் டி.எஸ்.பி. அளவுக்குப் பெரிய அதிகாரியா? அவரே நேரில் வந்து பிடிக்கிற அளவுக்கு இவன் என்னதான் செய்தான்? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பயப்படாதீர்கள் அம்மா. நம் ஊரில் டெபுடி என்ற சொல்லைக் கேட்டாலே சைரன் வைத்த ஜீப்பும் சல்யூட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் டெபுடி ஷெரிஃப் என்பவர் பெரும்பாலும் ரோந்து போகிற சாதாரணக் காவலர். கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அதன் காவல் தலைவர் ஷெரிஃப், அவருக்குக் கீழே பதவிப் பிரமாணம் எடுத்து வேலை செய்கிறவர்கள் டெபுடிகள். வேலைதான் சாதாரணம், அதிகாரம் சாதாரணமில்லை. கைது செய்யலாம், டிக்கெட் எழுதலாம், துப்பாக்கி வைத்திருக்கலாம், ஷெரிஃப் பெயரால் அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் சட்டத்தின் முழு பலம் உண்டு. ‘சும்மா டெபுடிதானே’ என்று உங்கள் மகன் நினைத்துவிட வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் கடைசிப் படியில் நிற்கும் கான்ஸ்டபிள், டெக்சாஸில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள்! ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் மட்டும் 8 கான்ஸ்டபிள்கள், ஒவ்வொருவருக்கும் கீழே தனியாக டெபுடிகள். அதனால் மகனிடம் டிக்கெட்டை ஒரு தடவை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், அது ஷெரிஃப் ஆளா, கான்ஸ்டபிள் ஆளா என்று. அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை, குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழிதான் அது. அந்தத் தேதியை மட்டும் கோட்டை விட்டுவிடக் கூடாது.

நகரத்துக்குத் தனி போலீஸ் இருக்கும்போது ஷெரிஃப் எதற்கு? – ஒரு வாசகர், திருச்சி

நகர எல்லைக்குள் அடங்காத இடங்கள் அங்கே நிறைய. ஹூஸ்டனுக்கு வடமேற்கே சைப்ரஸ் என்று ஒரு பகுதி, நம் ஆட்களும் வீடு வாங்கிக் குடியேறுகிற இடம், அதற்கென்று நகராட்சியே கிடையாது, ஆகவே நகர போலீஸும் கிடையாது. அங்கே 911-ஐ அழைத்தால் வருவது ஷெரிஃபின் டெபுடியோ கான்ஸ்டபிளின் டெபுடியோதான். நகரத்துக்குள்ளும் ஷெரிஃபுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நடைமுறையில் அதை நகர போலீஸிடம் விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொரு ஏற்பாடு. லேக்வுட் என்ற ஊர் 1954-ல் தனி நகரமானபோது சொந்தமாக போலீஸ் வைத்துக் கட்டுப்படியாகாது என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி ஷெரிஃபிடமே காசு கொடுத்துக் காவலை ஒப்பந்தம் பேசிக்கொண்டது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் அதே வழியில் போயின.

ரோந்து மட்டுமில்லை. கவுன்ட்டி சிறையை நடத்துவது, கோர்ட்டுக்குக் காவல், சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பல மாநிலங்களில் ஷெரிஃப் தலையில்தான். டெக்சாஸில் வாடகை பாக்கிக்கு வீட்டைக் காலி செய்யவைக்கிற வேலை பெரும்பாலும் கான்ஸ்டபிளுடையது, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே கதவில் எச்சரிக்கைத் தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள்.

ரோட்டில் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? மகள் அடுத்த மாதம் டல்லாஸுக்குப் படிக்கப் போகிறாள். – ஒரு வாசகர், சேலம்

முதல் விஷயம், காரை விட்டு இறங்கவே கூடாது. நம் ஊரில் போலீஸ் கை காட்டினால் இறங்கி நாலு எட்டு நடந்து போய் “சார்…” என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. அங்கே அதையே மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். சில வருடங்களுக்கு முன்பு அக்கா மகன் ஓட்டிய காரில் நான் பக்கத்து சீட்டில் இருந்தேன், பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றதும் பழக்க தோஷத்தில் என் கை தானாகக் கதவுக்குப் போய்விட்டது. “மாமா, கையை டேஷ்போர்டு மேல வைங்க, அசையாதீங்க!” என்றான் பையன். அவன் அப்படி உத்தரவு போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓரமாக நிறுத்தி, இரவாக இருந்தால் உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லைசென்ஸ் பைக்குள் இருந்தால் “எடுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும். அவரே இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும், அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீட் பெல்ட் போடாததற்குக்கூடக் கைது செய்யலாம் என்று 2001-ல் ஒரு தீர்ப்பு, அதுவும் டெக்சாஸில் நடந்த வழக்கில்தான். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு விலங்கா என்று எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை, ஆனாலும் சட்டம் அதுதான். அதற்காகக் காரைச் சோதனை போடலாமா என்று அவர் கேட்டால் சரி என்று தலையாட்டியே ஆக வேண்டும் என்றில்லை. மரியாதையாக மறுக்கலாம்.

அப்புறம், அங்கேயே ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வரக் கூடாது. டிக்கெட் போய் லஞ்ச வழக்கு வந்துவிடும்.

சென்னையிலும் முன்பு ஷெரிஃப் இருந்தாரே, அதே பதவிதானா? – ஒரு வாசகர், மயிலாப்பூர்

வேர் ஒன்று. பழைய இங்கிலாந்தில் ஷயர் எனப்பட்ட மாவட்டத்துக்கு அரசனின் காரியஸ்தராக இருந்தவர்தான் ஷெரிஃப். அங்கிருந்து ஒரு கிளை அமெரிக்கா போய்த் துப்பாக்கி எடுத்தது, இன்னொன்று நம் ஊருக்கு வந்து கடைசியில் பிரமுகர்களுக்கு மாலை போடும் அலங்காரப் பதவியானது.

ஷெரிஃபே தப்பு செய்தால் யார் பிடிப்பது? – ஒரு வாசகி, கோவை

பெரும்பாலான மாநிலங்களில் அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர், அதனால் மேலதிகாரி கூப்பிட்டு இடமாற்றம் செய்வதெல்லாம் நடக்காது. பெரும்பாலும் மாநில போலீஸோ எஃப்.பி.ஐ.யோ விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தேர்தல். இந்தியானா மாநிலத்தில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: ஷெரிஃபைக் கைது செய்யும் அதிகாரம் கொரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதிகாரிக்கு!