வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்போம்? கேள்வி பதில்

பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்கு 18 வருஷமாக ஆள் எடுத்துவருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணாச்சி, நான் வள்ளியூர். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்தேன். மார்க் சுமார்தான். எடுப்பார்களா?

பதில்: எடுப்பார்கள் தம்பி. மார்க்கை நான் ஒரு நிமிஷம்தான் பார்ப்பேன். அப்புறம் கையில் மல்டிமீட்டரைக் கொடுத்து, "இந்தப் பேனலில் கரண்ட் இருக்கிறதா, பாருங்கள்" என்பேன். பலர் நேரே பேனலில் வைத்துவிடுவார்கள். கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பிறகுதான் பேனல். கடைசியில் மறுபடியும் அந்தப் பழைய இடம். மீட்டர் பழுதாகியிருந்தால் கரண்ட் இருக்கும்போதே இல்லை என்று காட்டும். அதை நம்பிக் கை வைத்தால் உயிர் போய்விடும். இந்த மூன்றையும் கேட்காமலே செய்பவரை நான் விடுவதே இல்லை.

அடுத்தது பேச்சு. மே முதல் செப்டம்பர் வரை நமக்குக் காற்றுக் காலம். ஆடிக் காற்றில் ஒரு காற்றாலை நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். எத்தனை மணிக்கு நின்றது, திரையில் என்ன எரர், இதுவரை என்ன பார்த்தீர்கள் என்று போனில் வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகவே, வீட்டில் மோட்டார் பழுது பார்த்த கதையைச் சொல்லச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: முக்கூடலிலிருந்து எழுதுகிறேன் அண்ணாச்சி. பி.காம். முடித்தேன். அனுபவம் என்று எழுத ஒன்றுமில்லை. அம்மாவோடு பீடி சுற்றியதுதான்.

பதில்: அதையே எழுதுங்கள் தங்கச்சி. கடையில் வாங்கிய இலை, தூள் எவ்வளவு, கொடுத்த பீடி எத்தனை ஆயிரம், கழித்தது எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தது நீங்கள்தானே? ஸ்டோர் வேலையும் இதேதான்: வந்தது, போனது, இருப்பு. ஒரு மாதக் கணக்கை எக்செல்லில் போட்டு, கழிவைத் தனியாகக் காட்டி, அச்செடுத்துக்கொண்டு கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டை. இன்ஜினியரிங் கடைசி வருஷம். இங்கிலீஷ் பேச வரவில்லை. சென்னைக்குப் போனால் சரியாகுமா?

பதில்: அதற்காகப் போக வேண்டாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. தினமும் நாலு வரி மெயில் தப்பில்லாமல் எழுதப் பழகுங்கள். பேச்சு பின்னாலேயே வரும்.

கேள்வி: அம்பாசமுத்திரம். டிஎன்பிஎஸ்சிக்கு மூன்று வருஷம் படித்தேன். அதை பயோடேட்டாவில் மறைக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் தேதிகள் ஒத்துப்போகாதது உடனே கண்ணில் படும்.

கேள்வி: நாங்குநேரி. ஐடிஐ முடித்த மகனுக்கு 40,000 ரூபாய் கோர்ஸ். வேலை உறுதி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் ஐயா. அங்கே படித்து வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதைவிட, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு பயிற்சி உண்டு. திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். ஒரு வருஷம் ஷிப்டுக்கு நேரம் தவறாமல் வந்த பையன் என்றால் நாங்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை.